ரத்தம் வராத அடி

ஜூன் 7, 1981. ஞாயிறு

ராக்கியண்ணன் என் அக்காவை அடிக்கிறான். பொள்ளாச்சியில் எண்ணெய் மில்லும் தென்னந்தோப்பும் இரண்டு காரும் வைத்திருப்பவன், கும்பாபிஷேக நோட்டீஸில் முதல் பெயராக இருப்பவன், பதினோரு வருடமாக அவளை அடிக்கிறான். மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து போகும் டாக்டருக்குத் தெரியும். தெரிந்த எல்லோரும் அவனைக் கண்டால் கும்பிடுகிறார்கள்.

இன்று போயிருந்தேன். பாவாத்தா அக்கா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது காது வீங்கிக் கறுத்திருந்தது. முந்தாநாள் தேய்த்து வந்த வேட்டியில் மடிப்பு மாறி வந்துவிட்டதாம். அதற்கு ஓர் அறை. மோதிரம் போட்ட கை.

“காதுக்குள்ள வண்டு பூந்தாப்ல இருக்குது மாகாளி. அந்தப் பக்கம் பேசுனா ஒண்ணும் உழுகறதில்ல.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“குளிக்கறப்ப தண்ணி பூந்திருக்கும்னாரு. உன்ற மச்சான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு. வேற என்ன சொல்லுவாரு பாவம்.”

தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள். “ஒரு பத்து நாளைக்கு உன்ற ரூமுல வந்து இருந்துக்கட்டுமா?”

அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் உக்கடத்தில் நான் இருக்கும் ஒற்றை அறைதான். வீட்டுக்காரர் பெண்களைத் தங்க விடமாட்டார் என்றேன். வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னேன். பார்க்க வேண்டும்.

கோவைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நோட்டில் குறித்துக்கொண்டேன். வேட்டி மடிப்பு, வண்டு, குளித்த தண்ணீர். மூன்றும் அருமையாக வரும்.

ஜூன் 10, புதன்

லாரி புக்கிங் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் தணிகாசலத்தைப் பார்த்தேன். ‘குபேரலிங்கம் குடும்பம்’ தொடருக்கு முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தேன். பணக்காரனின் முகமூடியைக் கிழிக்கும் நையாண்டித் தொடர். புனைபெயர் நெருஞ்சி.

என் முன்னாலேயே படித்தார். இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்: ‘குபேரலிங்கம் விட்ட அறையில் தர்மாம்பாளின் காதுக்குள் கோயில் மணி அடித்தது. அவள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ள மீதிக் கன்னம் ஒன்று இருந்தது.’

அடுத்த வரியில் பேனாவை வைத்தார். ‘மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு ‘மூக்கு தக்காளியாகச் சிவந்தது’ என்று எழுதினார்.

“அடி விழணும் தம்பி. ரத்தம் வரக்கூடாது. இது குடும்பப் பத்திரிகை.”

“உண்மையில வருதே சார்.”

“வரட்டும். இருபது வருசத்துக்கு முன்னாடி நானே எழுதியிருக்கேன். ஜமீன்தார் சவுக்கால அடிப்பான், கடைசி அத்தியாயத்துல ஊரே திரண்டு போய் பங்களாவைக் கொளுத்தும். அப்ப படிக்கிறவன் நம்பினான். இப்ப எவன் கொளுத்தப் போறான்? பணக்காரன் மில்லுல தன் மகனுக்கு ஒரு வேலை கிடைக்குமான்னுதான் பார்க்கிறான். கொளுத்த முடியாதவன் சிரிக்கத்தான் செய்வான். சிரிக்க வையுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிரிப்பும் ஓர் ஆயுதம்தான். தக்காளி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 2, வியாழன்

முதல் அத்தியாயம் வந்துவிட்டது. ஓவியர் குபேரலிங்கத்துக்குத் தொப்பையும் கிருதாவும் போட்டிருக்கிறார். தர்மாம்பாளின் தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்கின்றன. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். உக்கடத்தில் இறங்காமல் அவர்களோடு அடுத்த நிறுத்தம் வரை போனேன்.

ஜூலை 12, ஞாயிறு

சாப்பாடு முடிந்ததும் ராக்கியண்ணன் வெற்றிலைத் தட்டோடு ஊஞ்சலில் உட்கார்ந்தான். கையில் பத்திரிகை.

“மாப்ளே, இதப் படிச்சியா? எவனோ நெருஞ்சியாம். நம்ம ஊட்டு மச்சுல ஒளிஞ்சு உக்காந்து பாத்தவனாட்ட எழுதிப்போட்டான்டா!”

கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். ‘மனைவிக்கு ஒரு கன்னம், வேலைக்காரனுக்கு இரு கன்னம், அதிகாரிக்கு மட்டும் இரு கையும் கூப்பு’ என்ற இடத்தில் தொடையைத் தட்டினான்.

“இவன் ஆம்பளடா. இந்தக் குபேரலிங்கம் ஆம்பள.”

அப்போது டிரைவர் வந்து, கார் டயரில் காற்று இறங்கிவிட்டது என்று சொன்னார். ராக்கியண்ணன் சிரிப்பை நிறுத்தாமலேயே எழுந்து போய் அவரை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். “ரெண்டு கன்னம்! கணக்குச் செரியா போச்சா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் சிரித்தார். உதடு கிழிந்திருந்தது.

ராக்கியண்ணன் மறுபடியும் உட்கார்ந்து வேட்டி மடிப்புப் பகுதியைப் படித்தான். அக்கா மோர் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, திங்கள்

புரிந்துகொள்ளும் அறிவு அவனுக்கு இல்லை. அது அவனுடைய குறை. எழுத்தின் குறை அல்ல.

ஜூலை 22, புதன்

வாசகர் கடிதங்கள் ஒரு கட்டு. ஆசிரியர் என் கையில் கொடுத்தார். ஈரோட்டிலிருந்து ஒரு பெண்: ‘எங்கள் வீட்டிலும் ஒரு குபேரலிங்கம் இருக்கிறார். போன வாரம் அவர் தட்டை வீசியபோது தர்மாம்பாள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அதற்குத் தனியாக ஒன்று விழுந்தது. தொடரட்டும் உங்கள் பணி!’

அதற்குக் கீழே ஒரு புன்னகை முகம் வரைந்திருந்தாள்.

சட்டை இரண்டு துவைத்துப் போட்டேன். மழை வந்து காயவில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அக்கா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரப் பெண்ணை ராக்கியண்ணன் துரத்திவிட்டான். ஏன் என்று அக்கா சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. நானும் கேட்கவில்லை.

“அது நீதான?”

“எது?”

“வேட்டி மடிப்பு உனக்கு மட்டுந்தான் சொன்னேன் மாகாளி.”

ஒத்துக்கொண்டேன். இனி அவன் யார் என்று உலகத்துக்குத் தெரியும் என்றேன்.

“ஒலகம் சிரிக்குது.”

“அவனைப் பாத்துத்தாங்க்கா சிரிக்குது.”

“அவருமில்ல சிரிக்கறாரு? அவரு யாரப் பாத்துச் சிரிக்கறாரு?”

நையாண்டி என்றால் என்ன என்று விளக்கினேன். சாம்பல் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். முடிந்ததும் சொன்னாள்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது. எழுதுறது நீயின்னு தெரிஞ்சா உன்னய ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஊட்டு விசயத்த வெளிய உட்டவ யாருன்னு பாப்பாரு. என்னயக் கொன்னே போடுவாரு. உன்ற பேரு வெளிய வராதுன்னு சத்தியம் பண்ணு.”

அவள் ஈரக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

“ரூமு பாத்தியா?”

“தொடர் முடியட்டும்க்கா. தீபாவளியோட முடிஞ்சுரும்.”

அவள் அண்டாவைக் கவிழ்த்தாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

போனேன். அக்காவின் கழுத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “ஏன், நோட்டுக் கொண்டாந்திருக்கயா?” என்றாள்.

ஆகஸ்ட் 12, புதன்

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கடைசி இரண்டு அத்தியாயங்களிலும் சூடு இல்லை என்கிறார். “அறை, உதை எல்லாம் பழசாயிடுச்சு நெருஞ்சி. புதுசா ஏதாவது பண்ணச் சொல்லுங்க உங்க ஆளை.”

என்னிடம் சரக்கு இல்லை. சொல்கிறவள் வாயை மூடிவிட்டாள். அறைக்கு வந்து நானே யோசித்து எழுதினேன். முதல் முறையாக முழுக்க என் சொந்தக் கற்பனை:

காப்பி ஆறிப்போனதற்குக் குபேரலிங்கம் ஒரு தண்டனை கண்டுபிடிக்கிறான். கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றிய பித்தளைத் தம்ளரைத் தர்மாம்பாள் உள்ளங்கையில் ஏந்தி நிற்க வேண்டும். அவன் செய்தித்தாளின் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும் மட்டும். ‘அன்றைக்குப் பார்த்துத் தேர்தல் முடிவுகள்.’

இந்த வரி எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 28, வெள்ளி

பெரிய வெற்றி. பத்திரிகை கடைகளில் தீர்ந்துவிட்டது. ஒரு கல்லூரி விடுதியில் ‘காப்பித் தண்டனை’யை நாடகமாகப் போட்டார்களாம். கல்லூரி முதல்வரும் வந்து ரசித்தாராம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

அக்காவின் வலது கையில் கட்டு. மணிக்கட்டு வரை. உள்ளங்கைத் தோல் முழுக்கக் கழன்றுவிட்டது.

போன திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து வியாபாரிகள் வந்திருக்கிறார்கள். ராக்கியண்ணன் பத்திரிகையை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். பிறகு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறான்.

“ஒருத்தர் மட்டும், போதுங்க முதலாளினு சொன்னாரு. மத்தவங்க கைதட்டுனாங்க.” அக்கா இடது கையால் முறத்தில் அரிசி புடைக்க முயன்றுகொண்டிருந்தாள். பாதி கீழே கொட்டியது. “இதுக்கு முன்னால அவருக்கு இது தெரியாது மாகாளி. கையி, காலு, பெல்ட்டு, இதுதான் தெரியும். இது பொஸ்தகத்தப் பாத்து வந்தது.”

நான் கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுதி வைக்கிறேன். அடிக்கிறவன் எதை வைத்தும் அடிப்பான். தம்ளர் இல்லாவிட்டால் கரண்டி. குற்றவாளி அவன். அவனை வளர்த்துவிட்ட காலம். அவனுக்குக் கைதட்டுகிற கூட்டம். எழுதுகிறவன் கண்ணாடி மட்டுமே.

இந்த வாரத்து அத்தியாயத்தை எழுத மனமில்லை.

செப்டம்பர் 7, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 17, வியாழன்

குனியமுத்தூரில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. சமையலறை தனியாக. வீட்டுக்கார அம்மா விதவை. “அக்காளக் கூட்டிட்டு வாங்க தம்பி, எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆகும்” என்றார். நல்ல மனுஷி. தீபாவளி மலர் வேலை முடிந்ததும் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 23, புதன்

தீபாவளி மலரில் ‘நெருஞ்சி யார்?’ என்று அட்டையிலேயே போடப் போகிறார்களாம். உள்ளே முழுப் பக்கப் புகைப்படம், பேட்டி. முடியாது என்று மறுத்துவிட்டேன். ஆசிரியர் விடவில்லை.

“எட்டு வருசமா கதை அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. திருப்பி அனுப்பினது பூரா நான்தான். இந்த ஒரு பக்கம் வந்தா இனி உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.”

மறுத்தது மறுத்ததுதான்.

செப்டம்பர் 26, சனி

டவுன்ஹால் பக்கம் போனபோது ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வேறு எதற்காவது உதவும். நீலச் சட்டை. கன்னத்தில் கை வைக்கச் சொன்னார்கள்.

அக்டோபர் 1, வியாழன்

ஊர்ப் பெயர் போடக்கூடாது என்று ஆசிரியரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். புகைப்படம் சின்னதாகத்தான் இருக்கும், யாருக்கும் அடையாளம் தெரியாது என்றார். குனியமுத்தூர் வீட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 14, புதன்

முழுப் பக்கம்.

அக்டோபர் 15, வியாழன்

ஆபீஸுக்கு போன் வந்தது. ராக்கியண்ணன்.

“ஏண்டா மாப்ளே! நீயாடா அது? என்ற மச்சினனாடா நெருஞ்சி? ஊரு பூரா சொல்லிப் போட்டேன். ஞாயித்துக்கெழமை விருந்து. வராம இருந்தீன்னா ஆளு வுட்டுத் தூக்கியாரச் சொல்லுவேன்!”

சிரித்துக்கொண்டே பேசினான். கோபம் துளியும் இல்லை. அக்கா பயந்தது வீண்.

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வேலையாக இருக்கிறாள் என்றான்.

அக்டோபர் 18, ஞாயிறு

விருந்து. நடுவில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். தாடையில் அடி. காரில் கோவைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எழுத முடியவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

நேற்று முன்தினம் எழுதியது பொய். இது நான் மட்டும் படிக்கும் நோட்டு. இதில் கூட அவன் சொன்னதையே எழுதியிருக்கிறேன்.

நடந்தது இது.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மில்காரர்கள், ஒரு வக்கீல், அந்த டாக்டர். ராக்கியண்ணன் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். “எத்தனையோ பணக்காரன் இருக்கறான். பத்திரிகையில படம் போட்டு எழுதறதுக்கு நாந்தாண்டா தகுதியானவன்!” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, என் மனைவி உங்கள் ரசிகை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பந்தி போட்டார்கள். எனக்குப் பக்கத்து இலையில் ராக்கியண்ணன். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். வலது கை இன்னும் சரியாக மடங்காததால் பாத்திரத்தை இடுப்பில் அணைத்திருந்தாள். என் இலைக்கு வந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

ராக்கியண்ணன் என் முதுகில் தட்டிக் கேட்டான். “ஏன் மாப்ளே, வேட்டி மடிப்பு சமாச்சாரமெல்லாம் உனக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ராக்கியண்ணனும் சிரித்தான். சிரித்தபடி இடது கையால் இலைக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தான். “பாவா, இங்க வா” என்றான். அவள் குனிந்தாள். செம்பின் அடிப்பாகத்தால் அவள் வாய்க்குக் கீழே அடித்தான். காய்ந்த விறகை மிதித்தது போல ஒரு சத்தம். ரசப் பாத்திரம் விழுந்து உருண்டது. எதிர்ப் பந்தியில் யாரோ, “அடடா, தர்மாம்பா!” என்று சிரித்தார். நடிப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் என் இலைக்கு முன்னால் முழங்காலிட்டு விழுந்திருந்தாள். தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி இரண்டாவது தடவை அடித்தான். பல் ஒன்று என் சோற்றில் வந்து விழுந்தது. பிறகு ரத்தம். இலை முழுக்க. பொரியலில், அப்பளத்தில், பாயசத்தில். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

மூன்றாவது தடவை ஓங்கியபோது வக்கீல், “போதும், போதும், செத்துக்கித்துப் போயிரப் போவுது” என்றார். அவன் செம்பைக் கீழே வைத்தான். அதில் மீதியிருந்த தண்ணீரில் கை கழுவினான். “ஈரத்துல வழுக்கி உளுந்துட்டா. குளியலறையில. எல்லாரும் பாத்தீங்கல்ல?” என்றான். டாக்டர் தலையாட்டினார்.

இவ்வளவு நேரமும் நான் எழுந்திருக்கவில்லை. கையைச் சோற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பொன்னாடை இலையில் படாமல் இருக்க அதன் நுனியை இடது கையால் பிடித்திருந்தேன்.

அக்டோபர் 22, வியாழன்

தாடை இரண்டு இடத்தில் முறிவு. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சிக் குடிக்கலாம். பல்லைக் கடித்தபடி பேசலாம்.

ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “சார், நீங்க நெருஞ்சிதானே? மலர்ல பாத்தேன். காப்பித் தம்ளரு எழுதுனீங்க பாருங்க, எங்க ஸ்டேஷனே சிரிச்சுது!”

பிறகு காகிதத்தை எடுத்தார். “குளியலறையில வழுக்கி விழுந்ததா வீட்டுக்காரரு சொல்றாரு. அந்தம்மா இல்லைங்கறாங்க. விருந்துக்கு வந்தவங்க யாரும் பாக்கலையாம். நீங்க அங்கதான இருந்தீங்க?”

அக்கா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவப் போயிருந்தேன் என்றேன்.

ஏட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, அடுத்த தொடர் எப்போது என்று கேட்டார்.

அக்டோபர் 23, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆபீஸில் வேலை அதிகம்.

அக்டோபர் 25, ஞாயிறு

கஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்கும் காது தலையணையில் இருந்தது. நான் கூப்பிட்டது கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் உடம்பு முழுக்க உதறிக்கொண்டு கையால் முகத்தை மறைத்தாள். நான்தான் என்று தெரிய நேரம் பிடித்தது.

கம்பிக்கு இடையில் வார்த்தைகள் கசிந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எச்சிலைத் துடைத்துக்கொண்டாள்.

“‘எல்லாம் அக்கா குடுத்த சரக்கு’ன்ன. நீதான சொன்ன?”

ஆமாம். அன்று பந்தியில் அதைத்தான் சொன்னேன். நகைச்சுவையாக.

“செரி. அது போச்சு. இப்ப நான் கேக்கறதக் கேளு. நாளைக்கில்ல, அடுத்த திங்கக்கெழம டிஸ்சார்ஜு. காரு அனுப்பறாராம். நான் சொன்னத ஏட்டு நம்பல. கூட ஒருத்தர் பாத்தேன்னு எழுதிக் குடுத்தா கேசு எடுப்பாங்களாம், நர்சம்மா சொன்னாங்க. அந்தப் பந்தியில எனக்குன்னு இருந்தவன் நீ ஒருத்தன். நீ பாத்தத எழுதிக் குடு.”

“எழுதறேன்க்கா.”

“கதையா வேண்டாம். நெருஞ்சி வேண்டாம். தம்ளருல இருந்து செம்பு வரைக்கும் எழுது. தம்ளரு எங்கிருந்து வந்துச்சுன்னும் எழுது. கீழ உன்ற பேரு. மாகாளியப்பன்.”

சரி என்றேன். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிடப் போனேன். என் கையை விலக்கிவிட்டு அவளே துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 28, புதன்

புகார் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘விருந்தில் பதினாறு வகைப் பதார்த்தங்கள் இருந்தன, பதினேழாவதாக என் அக்காவின் பல்.’

கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளிலும் அப்படித்தான் வந்தது. நான்காவது தாளில் ‘ராக்கியண்ணன் அடித்தார்’ என்று மட்டும் எழுதினேன். அது உயிரில்லாமல் கிடந்தது. யார் படிப்பார்கள் என்று தோன்றியது. ஒரே ஒரு ஏட்டு படித்தால் போதும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கை கழுவப் போயிருந்தேன் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றிச் சொன்னால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 30, வெள்ளி

ஆசிரியரிடமிருந்து கடிதம். ஜனவரியில் ‘குபேரலிங்கம் மறுபடியும்’ ஆரம்பிக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு குறிப்பு: ‘ராக்கியண்ணன் அவர்கள் நேரில் வந்திருந்தார். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர்! தொடர் ஆரம்பிக்கும் இதழின் முதல் பிரதியை அவர் கையால் வெளியிடச் சம்மதித்துவிட்டார்.’

இந்த நாட்டில் எதைச் சொன்னாலும் வாங்கி மாலையாகப் போட்டுக்கொள்கிறான் பணக்காரன். சிரிக்கச் சொன்னால் அவன்தான் முதலில் சிரிக்கிறான். இந்தக் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். குறிப்புகள் எடுத்துவிட்டேன், மூன்று பக்கம்.

புகாருக்கு வைத்திருந்த தாளில்தான் எடுத்தேன். வேறு தாள் இல்லை.

நவம்பர் 1, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகு மணி பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நவம்பர் 2, திங்கள்

பத்தேகாலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. நர்சம்மா. “உங்க அக்கா பேசணுங்கறாங்க” என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கம்பிக்குள்ளிருந்து குரல்.

“மாகாளி. கீழ காரு வந்து நிக்குது. அவரு படியேறி வர்றாரு. ஏட்டு இங்கதான் இருக்காரு, பத்து நிமிசம் இருக்கறேன்னு சொல்லியிருக்காரு. நீ வரக்கூட வேண்டாம். போனுலயே ஏட்டுகிட்டச் சொல்லு, நான் பாத்தேன்னு.”

ஏட்டின் குரல் கேட்டது. “சொல்லுங்க சார்.”

லாரிக்காரர் ஒருவர் பில்லை நீட்டிக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“சொல்லுடா. பாத்தேன்னு சொல்லு. மாகாளி. சொல்லு.”